ஒருவர் போட்ட டிக்கெட்டை அதே பிரிவில் உள்ள மற்றவர்களும் பார்க்க வேண்டும்: எந்த வழி சரி?

கணக்குப்பக்கம்:
எல்லோருக்கும் வணக்கம். ஜிரா சர்வீஸ் மேனேஜ்மென்ட் கிளவுடில் (ஊழியர்கள் கேட்கும் உதவிகளை டிக்கெட்டாகப் பதிந்து கவனிக்கும் மென்பொருள்) ஐடி உதவிக்கு ஒரு ப்ராஜெக்ட், மனிதவளப் பிரிவுக்கு ஒரு ப்ராஜெக்ட், இரண்டையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கணக்குப் பிரிவிலிருந்து ஒரே பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது: எங்கள் ஆட்கள் போடும் டிக்கெட்டை நாங்கள் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று. கேட்பதில் நியாயம் இருக்கிறது. மாதக் கடைசியில் ஒருவர் கணக்கு மென்பொருளில் பூட்டிய பதிவைத் திறந்துவிடச் சொல்லி டிக்கெட் போடுவார், மறுநாள் விடுப்பில் போய்விடுவார். டிக்கெட்டைக் கையாளும் ஏஜென்ட் "எந்த மாதத்துப் பதிவு, எந்தக் கிளை?" என்று கேட்டு எழுதினால் அந்தக் கேள்வி விடுப்பில் இருப்பவரின் மெயில்பெட்டியில் போய்க் கிடக்கும். பதிலுக்குக் காத்திருக்கும் நிலையிலேயே டிக்கெட் சில நாள் இருந்துவிட்டு, கடைசியில் ஆட்டோமேஷன் விதி அதைத் தானாக மூடிவிடும். பக்கத்து இருக்கைக்காரருக்கு விடை தெரியும், ஆனால் கேள்வியே அவர் கண்ணில் படவில்லையே. அவர் அதே விஷயத்துக்குப் புதிதாக ஒரு டிக்கெட் போடுவார், அது வேறொரு ஏஜென்டிடம் போகும், முதலிலிருந்து எல்லாம் மறுபடி.

டிக்கெட்டில் கண் படத்தை அழுத்திப் பிரிவு ஆட்களை வாட்சராக (டிக்கெட்டைக் கவனிப்பவராக) சேர்த்துப் பார்த்தேன். சிலர் பெயர் வருகிறது, சிலர் பெயர் வரவே இல்லை. பெயர் வந்தவர்களும் போர்ட்டலில் (டிக்கெட் போடும் இணையப் பக்கத்தில்) ஒன்றும் தெரியவில்லை என்கிறார்கள். மேலாளரோ எல்லோருக்கும் ஏஜென்ட் உரிமம் வாங்கிவிடலாமா என்கிறார். இதற்கு முறையான வழி என்ன?

இரவுப்பணி:
ஏஜென்ட் உரிமம் வேண்டவே வேண்டாம். இந்த மென்பொருளில் காசு ஏஜென்ட் தலைக்குத்தான். போர்ட்டலில் டிக்கெட் போடுபவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் கட்டணம் இல்லை. அதுவும் போக, கணக்குப் பிரிவு ஆட்களை ஏஜென்டாக்கி ப்ராஜெக்டுக்குள் விட்டால் அவர்கள் பிரிவின் டிக்கெட் மட்டும் தெரியாது, மொத்த வரிசையும் தெரியும், ஏஜென்டுகள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் உள்குறிப்புகள் உட்பட.

வாட்சர் விஷயத்தில் நிறைய பேர் இதே இடத்தில்தான் குழம்புகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரே டிக்கெட்டுக்கு இங்கே இரண்டு முகம் உண்டு. ஜிராவுக்குள் ஏஜென்ட் பார்ப்பது ஒன்று, போர்ட்டலில் வாடிக்கையாளர், அதாவது டிக்கெட் போடுபவர், பார்ப்பது இன்னொன்று. வாட்சர் என்பது முதல் முகத்தைச் சேர்ந்தது. அந்த ப்ராஜெக்டை ஜிராவுக்குள் பார்க்கும் பர்மிஷன் இருப்பவரைத்தான் வாட்சராகப் போட முடியும், அதனால்தான் சிலர் பெயர் வரவே இல்லை. பெயர் வந்தவர்களிடம் ஜிரா உரிமம் இருந்திருக்கும். அவர்களுக்கு ஜிராவின் மெயில் போகும், போர்ட்டலில் மட்டும் எதுவும் மாறாது.

உங்களுக்கு வேண்டியது ரிக்வெஸ்ட் பார்ட்டிசிபன்ட்ஸ் என்ற புலம். அதில் ஒருவரைச் சேர்த்தால் அந்த டிக்கெட் அவருடைய போர்ட்டலில் வரும், படிக்கலாம், பதில் எழுதலாம், கோப்பு இணைக்கலாம், மெயிலும் வரும். உள்குறிப்பு தெரியாது. உங்கள் டிக்கெட் திரையில் அந்தப் புலம் தெரியவில்லை என்றால் கீழே சுருக்கி வைத்த புலங்களில் தேடுங்கள்.

கணக்குப்பக்கம்:
மிக்க நன்றி. ஒருவரைச் சேர்த்துப் பார்த்தேன், மெயில் போய்விட்டது. ஆனால் போர்ட்டலில் கோரிக்கைகள் பக்கத்தைத் திறந்தால் பட்டியல் காலி என்கிறார். மெயிலில் உள்ள இணைப்பை அழுத்தினால் மட்டும் திறக்கிறது.

இரவுப்பணி:
அந்தப் பட்டியலின் மேலே ஒரு வடிகட்டி இருக்கும், அவரே போட்ட டிக்கெட்டுகளை மட்டும் காட்டும்படி. அதை மாற்றி, தாம் பங்கேற்பவை அல்லது எவர் போட்டதும் என்று வைக்கச் சொல்லுங்கள். மூடிய டிக்கெட் தேடினால் திறந்தவை மட்டும் என்ற வடிகட்டியையும் மாற்ற வேண்டும். இதை ஒரு படத்தோடு எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள், இல்லையென்றால் "எனக்குத் தெரியவில்லை" என்றே வரிசையாக டிக்கெட் வரும்.

திறந்தகதவு:
ஒவ்வொரு டிக்கெட்டிலும் அட்மின் போய் ஆள் சேர்ப்பது நடக்கிற காரியமா? டிக்கெட் போட்டவரே பகிரலாம். போர்ட்டலில் டிக்கெட்டைத் திறந்தால் பக்கவாட்டில் யாருடன் பகிரப்பட்டிருக்கிறது என்ற பகுதி இருக்கும், அங்கே ஷேர் பொத்தானை அழுத்திப் பெயரையோ மெயில் முகவரியையோ கொடுத்தால் போதும். யாருடன் பகிரலாம் என்பதை ப்ராஜெக்ட் அமைப்புகளில் கஸ்டமர் பர்மிஷன்ஸ் பக்கத்தில் நீங்கள் முடிவு செய்யலாம்.

ஆனால் அதைவிட எளிய வழி ஆர்கனைசேஷன், அதாவது டிக்கெட் போடுபவர்களை ஒரு குழுவாக வைப்பது. கணக்குப் பிரிவு என்று ஒன்றை உருவாக்கி ஆட்களை எல்லாம் அதில் போடுங்கள், புது டிக்கெட் தானாக ஆர்கனைசேஷனோடு பகிரப்படும்படி அமைப்பை வையுங்கள், முடிந்தது கதை. எங்கள் இடத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் அப்படித்தான். ஒருவர் விடுப்பில் போனால் இன்னொருவர் எடுத்துக்கொள்வார். ஒரே பிரிவில் வேலை செய்பவர்களுக்குள் மறைக்க என்ன இருக்கிறது?

மனிதவள_மேசை:
கடைசி வரிக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த வரியை நம்பி அமைத்ததன் விளைவை நேரில் பார்த்தவள் நான்.

முன்பு நான் வேலை செய்த இடத்தில் பிரிவுக்கு ஒரு ஆர்கனைசேஷன், எல்லாமே தானாகப் பகிரப்படும். ஐடிக்கு ஒரு வரிசை, மனிதவளத்துக்கு ஒரு வரிசை என்று பிரிக்காமல் ஒரே போர்ட்டல், ஒரே ப்ராஜெக்ட். ஒருவர் நீண்ட மருத்துவ விடுப்பு கேட்டு டிக்கெட் போட்டார். தலைப்பிலேயே எந்தச் சிகிச்சை என்று எழுதியிருந்தார், சான்றிதழையும் இணைத்திருந்தார். மனிதவளப் பிரிவு மட்டும்தான் படிக்கும் என்று அவர் நினைத்ததில் என்ன தவறு? அடுத்த நாள் பக்கத்து இருக்கைக்காரர் அக்கறையோடுதான் "உடம்பு இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது, மொத்தப் பிரிவும் படித்துவிட்டது என்று. உடனே பகிர்வை எடுத்தோம். ஆனால் படித்தவர்கள் படித்தவர்கள்தானே, அதைத் திரும்ப எடுக்க எந்தப் பொத்தானும் இல்லை.

இதில் மென்பொருளில் ஒரு கோளாறும் இல்லை, அமைத்தபடியே வேலை செய்தது. டிக்கெட்டைத் திறக்காவிட்டாலும் பட்டியலில் தலைப்பு வரி தெரியும் என்பதையும் கவனியுங்கள். சம்பள முன்பணம், மேலாளர் மீது புகார், வேலையை விடுவதற்கு முன் அனுபவச் சான்றிதழ் கேட்பது, இதெல்லாம் ஒரே பிரிவில் இருப்பவர்களிடமிருந்துதான் முதலில் மறைக்கப்பட வேண்டியவை. வேறு பிரிவில் இருப்பவருக்கு அதில் அக்கறையே இருக்காது.

திறந்தகதவு:
நீங்கள் சொல்வது வருத்தமான நிகழ்வுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே சிக்கல் ஆர்கனைசேஷன் இல்லை, எல்லாவற்றையும் ஒரே ப்ராஜெக்டில் போட்டது. கேள்வி கேட்டவரிடம் மனிதவளத்துக்குத் தனி ப்ராஜெக்ட் இருக்கிறதே. ஆர்கனைசேஷனை ஒவ்வொரு ப்ராஜெக்டிலும் தனியாகத்தான் சேர்க்க வேண்டும். ஐடி ப்ராஜெக்டில் மட்டும் சேர்த்து, மனிதவளத்தில் சேர்க்காமல் விட்டால் போதும்.

மனிதவள_மேசை:
ஐடி டிக்கெட்டில் அந்தரங்கம் இருக்காது என்று யார் சொன்னது? கைக்கு வலி, தனி விசைப்பலகை வேண்டும் என்பது ஐடி டிக்கெட்தான். ஒரு ஊழியரை நீக்கப்போகிறோம், இன்ன தேதியில் அவர் கணக்கை மூடுங்கள் என்று மேலாளர் போடுவதும் ஐடி டிக்கெட்தான். அந்த மேலாளரும் அதே ஆர்கனைசேஷனில்தான் இருப்பார், நீக்கப்படப்போகும் ஊழியரும் அதே ஆர்கனைசேஷனில்தான் இருப்பார்.

இரவுப்பணி:
அந்த இரண்டாவது எடுத்துக்காட்டை எல்லோரும் ஒரு தடவை நிதானமாகப் படிக்க வேண்டும். கணக்கை மூடும் டிக்கெட் தானாகப் பகிரப்படும் ப்ராஜெக்டில் இருக்கவே கூடாது.

ஆர்கனைசேஷன் பற்றி இன்னொன்று. பகிர்ந்த டிக்கெட்டுகள் ஆர்கனைசேஷனோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கும். நாளைக்குப் புதிதாக ஒருவரை அதில் சேர்த்தால், அவர் வருவதற்கு வெகுகாலம் முன்பு பகிர்ந்தவையும் அவருக்குத் திறக்கும். ஒப்பந்தத்தில் சில வாரங்கள் வேலைக்கு வருபவரையும் பிரிவோடு சேர்த்துப் போடுகிறார்கள், பழைய டிக்கெட் மொத்தமும் அவர் கையில். எதிர்ப்பக்கமும் உண்டு: இன்று ஆர்கனைசேஷன் உருவாக்கினால் நேற்றுவரை தனியாகப் போட்ட டிக்கெட்டுகள் தாமாகப் பகிரப்படாது. அவற்றை மொத்தமாக மாற்ற வேண்டியிருக்கும். அந்த மொத்த மாற்றத்தைத் தேர்ந்தெடுக்காமல் செய்வது ஆபத்து.

ஜென்டெஸ்க்_ஆள்:
எங்களிடம் ஜென்டெஸ்க் என்ற இன்னொரு டிக்கெட் மென்பொருள். அங்கேயும் இதே பிரச்சினைதான், பெயர்கள் வேறு. சிசி என்பது வெளியாட்களுக்கு, அதாவது டிக்கெட் போடும் பக்கத்தில் இருப்பவர்களுக்கு. பாலோயர் என்பது ஏஜென்ட் பக்கத்து ஆட்களுக்கு, அவர்களுக்கு உள்குறிப்பும் போகும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாவிட்டால் போதும்.

ஒரு வசதி அங்கே எனக்குப் பிடித்தது. முழு ஆர்கனைசேஷனுக்கும் திறப்பது ஒரு வழி. அப்படி இல்லாமல், ஒரே ஒருவருடைய புரொபைலில் மட்டும் இவர் தம் ஆர்கனைசேஷனின் எல்லா டிக்கெட்டையும் பார்க்கலாம் என்று வைக்கலாம். பிரிவில் பொறுப்பாக ஒருவர் இருந்தால் அவருக்கு மட்டும் கொடுத்துவிடுவோம். ஓஎஸ்டிக்கெட் என்ற மென்பொருளிலும் இதே எண்ணம் உண்டு, ஆர்கனைசேஷன் அமைப்பில் பகிர்வே வேண்டாம், முதன்மைத் தொடர்பாளர்கள் மட்டும் பார்க்கட்டும், எல்லோரும் பார்க்கட்டும் என்று மூன்று நிலை.

சாளரம்7:
சர்வீஸ்நவ் என்ற மென்பொருளில் வாட்ச் லிஸ்ட், ஒர்க் நோட்ஸ் லிஸ்ட் என்று இரண்டு. இரண்டும் டிக்கெட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். டிக்கெட் போட்டவரின் சகாவை வாட்ச் லிஸ்டில்தான் சேர்க்க வேண்டும், அந்த இன்சிடென்டைப் (பிரச்சினை சொல்லும் டிக்கெட்டுக்கு அங்கே அந்தப் பெயர்) பார்க்கும் வழியும் இயல்பாகவே அவருக்குக் கிடைக்கும், நிர்வாகி மாற்றி வைத்திருந்தால் ஒழிய. அவசரத்தில் ஒர்க் நோட்ஸ் லிஸ்டில் போட்டுவிட்டால் உள்ளே பேசிக்கொள்வது மெயிலாக அவருக்குப் போகக்கூடும். ஜிராவில் வாட்சர் என்றால் உள்பக்கம், இங்கே வாட்ச் லிஸ்ட் என்றால் வெளிப்பக்கமும் சேர்த்து. ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஏஜென்டுகளுக்கு இதைத்தான் முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பழையமெயில்:
இவ்வளவு எதற்கு? கணக்குப் பிரிவுக்கு ஒரு பொது மெயில் முகவரி இருக்குமே, அதிலிருந்தே எல்லோரும் டிக்கெட் போடட்டும். எல்லோருக்கும் தெரியும். நாங்கள் பல வருடமாக இப்படித்தான் ஓட்டுகிறோம்.

சாளரம்7:
ஓடும், ஆனால் யார் எழுதியது என்றே தெரியாது. "அந்தப் பதிவைத் திறந்துவிடுங்கள்" என்று பொது முகவரியிலிருந்து வந்தால், தணிக்கையின்போது கேட்டவர் யார் என்ற கேள்விக்கு விடையே இல்லை. பணம் சம்பந்தப்பட்ட மென்பொருளில் இது சின்ன விஷயம் இல்லை. போர்ட்டலுக்கும் அந்த முகவரியின் பாஸ்வேர்டைப் பிரிவு முழுக்கப் பகிர்ந்துகொள்வார்கள், ஒருவர் வேலையை விட்டுப் போனால் அதை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. அனுமதி கேட்கும் டிக்கெட்டில் ஒப்புதல் கொடுப்பவர் யாருக்காக ஒப்புதல் தருகிறார் என்பதும் போய்விடும்.

இரவுப்பணி:
இன்னொரு தொல்லையும் சேர்த்துச் சொல்கிறேன். குழு முகவரியைப் பார்ட்டிசிபன்டாகப் போட்டால் மென்பொருள் அனுப்பும் ஒவ்வொரு அறிவிப்பும் அதில் உள்ள எல்லோருக்கும் போகும். அதில் ஒருவர் விடுப்பில் இருந்தால் அவருடைய மெயில் "நான் அலுவலகத்தில் இல்லை" என்று தானாகப் பதில் அனுப்பும், அது டிக்கெட்டில் கருத்தாக ஏறும், அந்தக் கருத்துக்கு அறிவிப்பு போகும், அறிவிப்புக்கு மறுபடி பதில். இதற்காகத்தான் தானியங்கிப் பதில்களில் ஆட்டோ சப்மிட்டட் என்ற மெயில் ஹெடர் வரி இருக்க வேண்டும் என்று 2004-இல் ஆர்எஃப்சி 3834 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் வந்தது. அந்த வரியைப் பார்த்தால் நல்ல சர்வீஸ் டெஸ்க் மென்பொருள்கள் மெயிலை ஒதுக்கிவிடும். வரியே வைக்காமல் பதில் அனுப்பும் மெயில் அமைப்புகளும் இருக்கின்றன, அவற்றிடம்தான் மாட்டிக்கொள்வோம்.

பழையமெயில்:
தணிக்கை விஷயம் சரி, ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் அவரவர் முகவரியிலிருந்து அனுப்பி, சகாவை சிசியில் போட்டால்?

திறந்தகதவு:
அது வேலை செய்யும். மெயிலில் வரும் டிக்கெட்டில் சிசியில் இருப்பவர்களைப் பார்ட்டிசிபன்டாக ஜிரா சேர்த்துக்கொள்ளும், பகிர்வதற்கான வாடிக்கையாளர் அனுமதி அதற்கு இடம் கொடுத்திருந்தால். ஆனால் மெயிலில் சிசி போடும் பழக்கம் எப்படி என்று நமக்கே தெரியும். பழைய மெயில் சங்கிலியை எடுத்து அதற்கே பதிலாக உதவி முகவரிக்கு அனுப்புவார்கள், அந்தச் சங்கிலியில் வெளி நிறுவனத்து ஆள் ஒருவர் இருப்பார், அவரும் உள்ளே வந்துவிடுவார்.

மெயில் முகவரி எதைத் தட்டினாலும் பகிரலாம் என்ற அமைப்பைப் பற்றியும் எச்சரிக்கை. உங்கள் போர்ட்டலைப் பல வாடிக்கையாளர் நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன என்றால், பெயரின் முதல் எழுத்துகளைத் தட்டியதும் வேறு நிறுவனத்து ஊழியர்களின் பெயர் கீழே விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். தம் ஆர்கனைசேஷனுக்குள் மட்டும் பகிரலாம் என்பதுதான் அங்கே பொருத்தம்.

வரிசை_எண்:
இவ்வளவு நேரம் பேசியதில் ஒரு விஷயம் நடுவில் விடுபட்டுப் போயிருக்கிறது. பார்ட்டிசிபன்டாகச் சேர்ப்பவருக்கு அன்று முதல் நடப்பது மட்டும் தெரியும் என்று நிறைய ஏஜென்டுகள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. டிக்கெட் போட்ட முதல் வரியிலிருந்து, வாடிக்கையாளருக்குத் தெரியும்படி எழுதிய எல்லாமும், இணைத்த கோப்புகளும் அவருக்குத் திறக்கும். இந்தத் தேதிக்குப் பிறகு மட்டும் காட்டு என்று ஒரு டிக்கெட்டைப் பாதியாக வெட்ட முடியாது.

ஏஜென்டாக இருப்பவர்கள் ஆள் சேர்ப்பதற்கு முன் ஒரு தடவை மேலே போய் முதலிலிருந்து படியுங்கள். பயனர் திரையைப் படம் பிடித்து அனுப்பியிருப்பார், பிழைச் செய்தி நடுவில் இருக்கும், ஓரத்தில் சம்பளப் பட்டியல் திறந்திருக்கும். சிலர் பாஸ்வேர்டையே எழுதியிருப்பார்கள். அப்படி ஏதாவது இருந்தால் ஆளைச் சேர்க்காதீர்கள். புது டிக்கெட் ஒன்று திறந்து, தேவையான பகுதியை மட்டும் அதில் எழுதி, அதில் அவரைச் சேருங்கள், பழையதையும் புதியதையும் ஜிராவுக்குள் இணைத்து வையுங்கள். அந்த இணைப்பு ஏஜென்டுக்குத்தான் தெரியும், போர்ட்டலில் வராது.

கணக்குப்பக்கம்:
இது எனக்குத் தெரியவே தெரியாது. நல்ல வேளை கேட்டேன். அப்படியானால் மேலும் இரண்டு சந்தேகம். ஒன்று, வேலையை விட்டுப் போனவரின் டிக்கெட்டை என்ன செய்வது? இரண்டு, சில டிக்கெட்டில் தரவுத்தள ஆட்களின் கருத்து வேண்டும், அவர்கள் எங்கள் ஏஜென்டுகள் இல்லை, ஆனால் ஜிராவில் வேறு ப்ராஜெக்டில் இருக்கிறார்கள். அவர்களையும் பார்ட்டிசிபன்டாகவா போடுவது?

இரவுப்பணி:
இரண்டாவதுக்கு வேண்டாம். பார்ட்டிசிபன்டாகப் போட்டால் அவர்கள் எழுதுவது நேராகப் பயனர் கண்ணில் படும். "இந்த அட்டவணையை யார் இப்படிக் கெடுத்தது" என்று அவர் எழுதுவதைக் கணக்குப் பிரிவு படிக்கும். அவர்களிடம் ஜிரா உரிமம் இருப்பதால் ப்ராஜெக்டுக்குள் கொலாபரேட்டராக விடலாம், கூடுதல் ஏஜென்ட் உரிமம் வேண்டாம். டிக்கெட்டைப் பார்ப்பார்கள், உள்குறிப்பு எழுதுவார்கள், பயனருக்குப் பதில் எழுத முடியாது. அதுதான் உங்களுக்கு வேண்டியது. அவர்களை வாட்சராகப் போடுவதும் பொருத்தமே.

ஜென்டெஸ்க்_ஆள்:
எங்களிடம் அதற்கு லைட் ஏஜென்ட் என்று பெயர். அதே வேலைதான், உள்குறிப்பு மட்டும்.

வரிசை_எண்:
முதல் சந்தேகத்துக்கு: திறந்திருக்கும் டிக்கெட்டில் ரிப்போர்ட்டரையே (டிக்கெட் போட்டவர் என்று பதிவாகியிருக்கும் பெயரை) மாற்றிவிடுங்கள், வேலையை எடுத்துக்கொண்டவர் பெயருக்கு. பார்ட்டிசிபன்டாகச் சேர்ப்பதோடு நிறுத்தினால் ஏஜென்ட் இன்னும் போனவரிடமே பேசிக்கொண்டிருப்பார். மூடிய டிக்கெட்டுகளில் கை வைக்காதீர்கள், யார் கேட்டது என்ற வரலாறு அப்படியே இருக்கட்டும்.

வேலையை விடாமல் பிரிவு மட்டும் மாறுபவர்கள்தான் உண்மையில் கவனிக்கப்படாமல் விடப்படுகிறார்கள். ஆர்கனைசேஷனிலிருந்து எடுத்தால் ஆர்கனைசேஷனோடு பகிர்ந்தவை மறையும். ஆனால் தனித்தனியாகப் பார்ட்டிசிபன்டாகச் சேர்த்த டிக்கெட்டுகள் எல்லாம் அவரிடமே இருக்கும். ஜேக்யூஎல் (ஜிராவின் தேடல் மொழி) தேடலில் ரிக்வெஸ்ட் பார்ட்டிசிபன்ட்ஸ் புலத்தில் அவர் பெயரைக் கொடுத்துத் தேடினால் பட்டியல் வந்துவிடும், அந்த டிக்கெட்டுகளிலிருந்து அவர் பெயரை மட்டும் நீக்கலாம். ஆள் பிரிவு மாறும்போது செய்யும் வேலைகளின் பட்டியலில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் மறக்காது.

மனிதவள_மேசை:
இஷ்யூ செக்யூரிட்டி (ஒரு டிக்கெட்டை யார் பார்க்கலாம் என்று வரையறுக்கும் அமைப்பு) வைத்துச் சில டிக்கெட்டை மட்டும் பூட்டலாமா என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். பூட்டலாம். ஆனால் அந்தப் பாதுகாப்பு நிலையில் சர்வீஸ் ப்ராஜெக்ட் கஸ்டமர் போர்ட்டல் ஆக்சஸ் என்பதைச் சேர்க்காவிட்டால் டிக்கெட் போட்டவருக்கே அவருடைய டிக்கெட் போர்ட்டலில் காணாமல் போகும். அதைச் சேர்த்தால் பார்ட்டிசிபன்டுகளும் வருவார்கள். ஆக, அது ஏஜென்டுகளுக்குள் யார் பார்க்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தத்தான் நல்லது. சகாக்களுக்குள் மறைப்பதற்கு அது கருவி இல்லை, பகிராமல் இருப்பதுதான் வழி.

கணக்குப்பக்கம்:
எல்லாவற்றையும் படித்துவிட்டுக் கணக்குப் பிரிவின் பொறுப்பாளரோடு உட்கார்ந்து பேசினேன். எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்றுதான் ஆரம்பித்தார். எந்தெந்த டிக்கெட்டில் வேலை நின்றது என்று பழையவற்றை எடுத்துப் பார்த்தோம், ஏறத்தாழ எல்லாமே இரண்டு வகைதான்: பூட்டிய பதிவைத் திறப்பது, வங்கிக் கோப்பு ஏறாமல் நிற்பது. மடிக்கணினி கேட்டதையோ பாஸ்வேர்டு மாற்றியதையோ பிறர் பார்க்க வேண்டிய தேவையே ஒரு தடவைகூட வரவில்லை. அதைப் பார்த்ததும் அவரே இறங்கி வந்துவிட்டார்.

ஆகவே ஆர்கனைசேஷன் வைத்திருக்கிறேன், தானாகப் பகிர்வதை நிறுத்தியிருக்கிறேன். அந்த இரண்டு ரிக்வெஸ்ட் டைப்புக்கு மட்டும் ஒரு ஆட்டோமேஷன் விதி: டிக்கெட் உருவானதும் பொறுப்பாளரும் அவருக்குத் துணையாக இருப்பவரும் பார்ட்டிசிபன்டாகச் சேர்வார்கள். அந்தப் படிவத்தின் மேலேயே "இந்தக் கோரிக்கையை உங்கள் பிரிவின் பொறுப்பாளர்களும் பார்ப்பார்கள்" என்று ஒரு வரி. மற்ற டிக்கெட்டுகளை, போட்டவர் விரும்பினால் ஷேர் பொத்தானில் பகிரட்டும், தம் ஆர்கனைசேஷனுக்குள் மட்டும்.

மனிதவள_மேசை:
படிவத்தில் அந்த ஒரு வரி வைத்தீர்களே, அதற்கே உங்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். எழுதுவதற்கு முன்பே யார் படிப்பார்கள் என்று தெரிந்தால் எழுதுபவர் தம் வார்த்தையைத் தாமே பார்த்துக்கொள்வார்.

கணக்குப்பக்கம்:
ஒரே ஒரு சிக்கல் மிச்சம். பொறுப்பாளருக்கு மெயில் குவிகிறது. ஒவ்வொரு நிலை மாற்றத்துக்கும் ஒன்று, ஒவ்வொரு கருத்துக்கும் ஒன்று. எல்லாவற்றையும் தனி ஃபோல்டருக்குத் திருப்பிவிடப் போகிறேன் என்கிறார். அப்படிச் செய்தால் பழையபடி கேள்வி அவர் கண்ணில் படாமல் போகும்.

திறந்தகதவு:
ப்ராஜெக்ட் அமைப்புகளில் கஸ்டமர் நோட்டிபிகேஷன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனி விதி, யாருக்குப் போக வேண்டும் என்பதும் தனியாக இருக்கும். டிக்கெட் உருவானது, நிலை மாறியது போன்றவற்றை ரிப்போர்ட்டருக்கு மட்டும் வையுங்கள். ஏஜென்ட் எழுதும் கருத்து மட்டும் சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் போகட்டும். ஒரு குறிப்பிட்ட டிக்கெட்டில் தமக்கு வேலையே இல்லை என்றால் பொறுப்பாளரே போர்ட்டலில் அந்த டிக்கெட்டின் அறிவிப்பை நிறுத்திக்கொள்ளலாம், பார்ட்டிசிபன்டாக இருந்துகொண்டே.

இரவுப்பணி:
நிலை மாற்றத்தில் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள், முடிந்தது என்ற அறிவிப்பு. அது துணையாக இருப்பவருக்கும் போகட்டும். இல்லையென்றால் விடுப்பில் இருப்பவருக்கு மட்டும் பதிவு திறந்தது தெரியும், கணக்கை முடிக்க வேண்டியவர் இன்னும் காத்துக்கொண்டிருப்பார். தானாக மூடும் விதியையும் பாருங்கள்: மூடுவதற்கு முன் ஒரு நினைவூட்டல் கருத்து போகும்படி இருந்தால் அது பார்ட்டிசிபன்டுகளுக்கும் போய்ச் சேரும்.

கணக்குப்பக்கம்:
மாற்றிவிட்டேன். நினைவூட்டல் கருத்தை வாடிக்கையாளருக்குத் தெரியும்படி வைக்க வேண்டும், உள்குறிப்பாக இருந்தால் போகாது, அதையும் சரிபார்த்தேன். இன்று காலை வங்கிக் கோப்பு டிக்கெட் ஒன்றில் ஏஜென்ட் கேட்ட கேள்விக்குத் துணையாக இருப்பவர் போர்ட்டலிலேயே பதில் போட்டார், போட்டவர் இன்னும் விடுப்பில்தான். பொறுப்பாளர் மாறினால் அந்த ஆட்டோமேஷன் விதியில் பெயரை மாற்ற வேண்டும் என்பதை மட்டும் விதியின் விளக்கப் பகுதியில் எழுதி வைத்திருக்கிறேன்.